இணையதளம் அமைத்தலும் பேணுதலும்

ஓர் இணையதளத்தை அமைத்துவிடுதல் இக்காலத்தில் அரிய செயலன்று. சிறிது பயிற்சியும் சிறிது பொருளும் உடையார் எவரும் ஒரு மாலைப்பொழுதிற்குள் ஒரு தளத்தை எழுப்பி உலகத்தார் முன் வைத்துவிடலாம். ஆனால் அங்ஙனம் எழுந்த தளம் சில்லாண்டு கழிந்தபின்னும் உயிரோடிருக்கின்றதா, அதனை நாடி வந்தோர் தாம் வேண்டியதைப் பெற்று மீள்கின்றனரா என்று நோக்குவோமாயின், கிடைக்கும் விடை பெரும்பாலும் மகிழ்ச்சி தருவதாயில்லை. அமெரிக்க நாட்டுப் பியூ ஆராய்ச்சி நிலையத்தார் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, 2013இல் இருந்த இணையப் பக்கங்களுள் நூற்றுக்கு 38 பங்கு பத்தாண்டுக்குள் காணாமற்போயின என்று காட்டுகின்றது. வீடு கட்டினோர் பலர். ஆண்டுதோறும் கூரை வேய்ந்தோர் சிலர். இவ்விரு வினையிலும் நேரும் இடர்கள் யாவை, அவை எதனால் நேர்கின்றன என்பதை ஈண்டு ஒருவாறு விளக்க முயல்வோம்.

இணையதளம் என்பது யாது? எழுத்தும் படமும் அடங்கிய பக்கங்கள், அப்பக்கங்கள் வைக்கப்பட்டிருக்கும் சர்வர் என்னும் கணினி, அக்கணினிக்கு வழிகாட்டும் டொமைன் என்னும் பெயர் ஆகிய மூன்றின் சேர்க்கையே அது. ஜெனீவா நகருக்கு அணித்தாயுள்ள செர்ன் என்னும் பௌதிக ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்பார் 1989இல் இதற்குரிய திட்டத்தை வகுத்தளித்தார். 1991இல் அது வெளியார்க்கும் அறிவிக்கப்பட்டது. அன்று இட்ட அடிப்படை இன்றும் மாறவில்லை. டொமைன் என்பது விலைக்கு வாங்கிய நிலமன்று, தவணைக்குக் கொண்ட குத்தகை என்பதையும், சர்வரும் பெரும்பாலோர்க்கு வாடகை வீடே என்பதையும் மட்டும் படிப்போர் நினைவில் இருத்துக. பின்னர் இது வேண்டப்படும்.

தளம் வகுப்போர் முதற்கண் தடுமாறுமிடம், அஃது யாருக்காக என்னும் வினாவே. ஒரு நிலையத்தார் கூடித் தமக்கொரு தளம் சமைக்கப் புகுவாராயின், ஒவ்வொரு துறையாரும் முகப்புப் பக்கத்தில் தமக்கோர் இடம் வேண்டுவர். முடிவில் அந்நிலையத்தின் அலுவலகப் பிரிவுகள் எவ்வாறு அமைந்துள்ளனவோ அவ்வாறே தளமும் அமைந்துவிடும். எந்நிறுவனமும் தன் உள்ளமைப்பைப் போன்ற படைப்பையே படைக்கும் என்று மெல்வின் கான்வே என்னும் கணிப்பொறி அறிஞர் 1968இலேயே எழுதினார். வருவோர்க்கோ அப்பிரிவுகளைப் பற்றிய கவலையில்லை. கட்டணம் எவ்வளவு, தேர்வு என்று, சான்றிதழ் பெறுவதற்கு எவரைக் காண்பது, தொலைபேசி எண் யாது என்பனவே அவர்தம் வினாக்கள். இவ்வினாக்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் விடை முகப்பிலிருந்து எத்தனை அடியில் கிடைக்கின்றது என்று எண்ணிப் பார்த்தலே நாம் அறிந்தவற்றுள் சிறந்த சோதனை. இடையறாது ஓடிக்கொண்டிருக்கும் அறிவிப்பு வரியும், தாமே நகரும் வரவேற்புப் படங்களும் இச்சோதனையில் எவ்வகையிலும் உதவுவதைக் கண்டிலோம். ஆயினும் அவை இல்லாத தளத்தை நம் நாட்டிற் காண்டல் அரிது.

படங்களைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். இக்காலக் கைப்பேசி எடுக்கும் ஒளிப்படம் 4000க்கு 3000 என்னும் அளவுடையதாயின் அதில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் உள. அதனை 1000க்கு 750 என்னும் அளவிற்குச் சுருக்கின் 7 லட்சத்து 50 ஆயிரம் புள்ளிகளே எஞ்சும். அஃதாவது பதினாறில் ஒரு பங்கு. கைப்பேசித் திரையில் இவ்விரண்டிற்குமுள்ள வேறுபாட்டைக் கண் பெரும்பாலும் அறியாது; ஆனால் தொலைவிலுள்ள சிற்றூரில் மெலிந்த அலைவரிசையில் காத்திருக்கும் மாணவன் நன்கறிவான். விழாவொன்றின் படங்கள் நாற்பதையும் சுருக்காது ஒரே பக்கத்தில் ஏற்றிவிட்டு, தளம் ஏன் மெதுவாகத் திறக்கின்றது என்று சர்வரைக் குறை கூறுதல் வழக்கமாய்விட்டது.

இதனினும் பெருந்தீங்கு ஒன்றுண்டு. அறிக்கையைத் தாளில் அச்சிட்டு, கையொப்பமும் முத்திரையும் இட்டு, அதனை ஸ்கேன் செய்து படமாகவே தளத்தில் ஒட்டிவிடுகின்றனர். கண்ணுடையார்க்கு அது கடிதமாகத் தோன்றும். கணினிக்கோ அது வெறும் புள்ளிகளின் கூட்டம். பார்வையற்றோர், திரையிலுள்ள எழுத்தை ஒலியாக்கிப் படித்துக் காட்டும் மென்பொருளின் துணைகொண்டே தளங்களைப் பயில்கின்றனர். அம்மென்பொருள் இப்படத்தின்முன் வாய் திறவாது. கோப்பின் பெயரைச் சொல்லி அப்பாற் செல்லும். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இறுதி நாள் இன்னது என்பது அக்கடிதத்தில் இருக்குமாயின், அவ்வுதவி பெரிதும் வேண்டப்படும் மாணவரே அதனை அறியாதொழிவர். கூகுள் முதலிய தேடுபொறிகளுக்கும் அது எளிதிற் புலப்படாது. படத்திற்கு மாற்றுரை எழுதுக, எழுத்தின் நிறத்திற்கும் பின்புலத்திற்கும் போதிய வேறுபாடு வைக்க என்பன போன்ற விதிகளை, இணைய நியமங்களை வகுக்கும் சங்கம் 1999 முதல் வெளியிட்டு வருகின்றது. அறிக்கையை எழுத்தாகவே தட்டச்சிட்டு, கையொப்பமிட்ட படியை அதன்கீழ் இணைத்தல் எவ்வளவு சிறிய உழைப்பு!

தமிழில் தளம் நடத்துவோர்க்கு வேறு மொழியார் பலர் அறியாத இடரொன்றும் இருந்தது. இன்னும் முற்றும் நீங்கிற்றில்லை. தொடக்க காலக் கணினிகள் 256 இடங்களுக்குள் எழுத்துகளை அடக்கின. அவ்விடங்களுள் ஆங்கில எழுத்துக்குரியவற்றிலும் பிறவற்றிலும் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி தமிழ் வடிவங்களைப் பொருத்தி எழுத்துரு சமைத்தனர். ஒரு நாளிதழின் தளத்தைப் படிக்க அவ்விதழின் எழுத்துருவை இறக்கிக்கொள்ளல் வேண்டும். மற்றோர் இதழுக்கு மற்றோர் எழுத்துரு. இல்லையெனில் திரையில் தோன்றுவது பொருளற்ற ஆங்கிலக் குறிகளின் குவியல். இக்குழப்பத்தை ஒழிக்க இணையத்திற் கூடிய தமிழன்பர்கள் திஸ்கி என்னும் குறிமுறையை வகுத்தனர். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் கைகளால் தட்டச்சிட்டு வெளியிடுங்காலை இம்மாற்றங்களையெல்லாம் தாங்க நேர்ந்தது. யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறிமுறையில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றிருந்ததாயினும், கணினிகள் அதனைச் செவ்வனே காட்டத் தொடங்கியது பின்னரே. தமிழ்நாட்டு அரசு அதனை ஏற்று ஆணையிட்டது 2010இல்.

அவ்வளவில் இடர் தீர்ந்ததென்று எண்ணற்க. அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்புகள் மலைபோற் கிடக்கின்றன. அவற்றை மாற்றாது பிடிஎஃப் கோப்பாக்கி ஏற்றினால், பார்வைக்குத் தமிழாகத் தோன்றும். ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தால் பழைய குவியலே வெளிப்படும். அத்தகைய கோப்பினுள் ஒருவருடைய பெயரைத் தேடினால் அது கிட்டாது. ஆண்டு மலர்களைத் தளத்தில் ஏற்ற விழைவோர் இதனைக் கருதுவாராக. மேலும், ஆங்கிலத்திற்கென வரைந்த அமைப்பில் தமிழை இட்டால் நீண்ட சொற்கள் பொத்தான்களின் வெளியே வழியும். வரிகளின் இடைவெளி குறுகியிருப்பின் மேல்வரியின் உகரக் குறியும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் மோதிக்கொள்ளும். தமிழ் எழுத்தைக் கொண்டே முதல் மாதிரியை வரைதல் நன்று.

நிற்க. கூட்டம் திரளும் நாளில் தளம் தாங்குமா என்பதும் ஆராயத்தக்கது. தேர்வு முடிவு வெளியாகும் காலையில் திரை அசையாது நிற்பதை நம் மாணவர் அறிவர். இதற்குப் பெரியதோர் எடுத்துக்காட்டு, மருத்துவக் காப்பீட்டிற்கென அமெரிக்க அரசு 2013 அக்டோபர் 1ஆம் நாள் திறந்த தளம். பொருளுக்கும் ஆளுக்கும் அங்குக் குறைவில்லை. எனினும் முதல் நாளில் பதிவை முற்ற முடித்தோர் ஆறே பேர். காப்பீடுகளின் விலையைக் காணுமுன்னரே ஒவ்வொருவரும் கணக்குத் தொடங்க வேண்டுமென வகுத்திருந்தமையால், வந்த கூட்டமெல்லாம் அவ்வொரு வாயிலில் நெருக்குண்டு நின்றது. முழு இயக்கத்தையும் ஒருங்கே சோதித்தற்கு இறுதி இரு வாரங்களே கிடைத்தன என்று பணி மேற்கொண்ட நிறுவனத்தார் பின்னர்க் காங்கிரஸ் குழுவின் முன் கூறினர். இங்குப் பிழை சர்வரின் வலிமையில் மட்டுமன்று, வாயில் வகுத்த முறையிலும் உளது என்பதே நாம் காணத்தக்கது.

இனிப் பேணுதலைக் கூறுவோம். டொமைன் குத்தகைப் பொருளென முன்னர்ச் சொன்னோம். 1999ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் மைக்ரோசாப்ட் நிறுவனம் பாஸ்போர்ட் என்னும் தன் சேவைக்குரிய டொமைனைப் புதுப்பிக்க மறந்தது. ஹாட்மெயில் அஞ்சல் பயன்படுத்துவோர் பலர் உள்நுழைய இயலாது திகைத்தனர். நிறுவனத்தைச் சாராத நிரலாளர் ஒருவர் தம் பணத்தில் 35 டாலர் செலுத்தி அதனை மீட்டார். அத்துணைப் பெரிய நிறுவனமே மறக்குமாயின் ஏனையோர் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. பாதுகாப்புச் சான்றிதழும் இவ்வாறே காலவரையறை உடையது. அது முடிந்த மறுநொடி, இத்தளம் பாதுகாப்பற்றது என்னும் எச்சரிக்கை வருவோரை அஞ்சுவித்துத் திருப்பிவிடும். தளத்தை இயக்கும் மென்பொருளை அவ்வப்போது புதுப்பியாது விட்டாலோ, களவாளர் புகுந்து நம் பக்கங்களில் சூதாட்ட விளம்பரங்களை நட்டுவிடுவர்.

காப்புப்படி எடுத்துவைத்தல் எல்லாரும் அறிந்த அறிவுரை. எங்கு வைப்பது என்பதில்தான் பிழை நேர்கின்றது. 2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் சர்வர் கட்டடம் ஒன்று தீக்கிரையாயிற்று. லட்சக்கணக்கான தளங்கள் முடங்கின. காப்புப்படியையும் அவ்விடத்திலேயே வைத்திருந்தோர் சிலர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர்.

பக்கங்களின் முகவரியை மாற்றுதல் மற்றொரு கேடு. தளத்திற்குப் புது உருக்கொடுக்கும்போது பழைய முகவரிகளை ஒழித்துவிடுகின்றனர்; அவற்றைச் சுட்டி எழுதிய நூல்களும் கட்டுரைகளும் அன்றே ஊமையாகின்றன. முகவரிகளை மாற்றற்க என்று 1998இல் ஒரு கட்டுரையே வரைந்தார் பெர்னர்ஸ் லீ. வியப்பென்னெனின், அவர் சமைத்த உலகின் முதல் தளமே அதன் பழைய முகவரியில் நெடுநாள் காணப்படவில்லை. 2013இல் செர்ன் நிலையத்தார் தேடியெடுத்து 1992ஆம் ஆண்டின் படியொன்றை அங்கு மீள வைத்தனர். மாற்றியே தீரவேண்டுமாயின், பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்குத் தானே அனுப்பும் கட்டளையைச் சர்வரில் எழுதிவைத்தல் கடன்.

கல்லூரித் தளங்களுக்கே சிறப்பாக உரிய இடர் ஒன்று எஞ்சியுள்ளது. கணினி வல்ல இறுதியாண்டு மாணவர் ஒருவர் ஆர்வத்தோடு ஒரு மன்றத்திற்கோ துறைக்கோ தளம் அமைப்பார். டொமைன் அவர்தம் சொந்த மின்னஞ்சலில் பதிவாகும். கடவுச்சொல் அவர் ஒருவரே அறிவார். ஏப்ரலில் தேர்வு முடிய, அவர் வேலை தேடி வெளியூர் சென்றுவிடுவார். அடுத்த ஆண்டுச் செயலாளர் ஒரு வரியையும் திருத்த இயலாது விழிப்பார். புதுப்பிக்குமாறு வரும் மடல்கள் எவரும் திறவாத பெட்டியில் விழும். தளம் மறைந்தபின் அதிலிருந்த பழைய மாணவர் பட்டியலும் சொற்பொழிவுகளும் படங்களும் எங்கும் கிடையா. இன்டர்நெட் ஆர்கைவ் என்னும் நூலகம் 1996 முதல் இணையப் பக்கங்களைப் படியெடுத்து வருவதால் சில அங்கு எஞ்சியிருக்கலாம். ஆயினும் அது யாவற்றையும் சேர்த்ததாகக் கொள்ள முடியாது. எனவே டொமைனையும் சர்வரையும் கல்லூரி அலுவலக மின்னஞ்சலிலேயே பதிவு செய்க. டொமைன் முடியும் நாள், சான்றிதழ் முடியும் நாள், காப்புப்படி இருக்குமிடம், தளத்தைத் திருத்தும் முறை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, பொறுப்பாசிரியரிடம் வைத்திடுக. கடவுச்சொற்களை உறையிலிட்டு முத்திரையிட்டு அலுவலகப் பெட்டியில் தனியே வைக்க. புதிய செயலாளர் பொறுப்பேற்கும் நாளில், பழையவர் அருகிருக்க, அக்குறிப்பேட்டை மட்டும் துணைக்கொண்டு ஒரு பக்கத்தைத் திருத்திக் காட்டட்டும். இயலாவிடின் குறிப்பேட்டில் எது குறைகின்றது என்பது அப்போதே தெரிந்துவிடும். விடையளிக்க வல்லவரும் அப்போது அருகிலேயே இருப்பர்.