தையல் பிரித்த பின்னும் முழங்காலைக் கவனியுங்கள்

முழங்காலை ஒட்டிக் கால் எலும்பு முறிந்து, பிளேட்டும் திருகுகளும் வைத்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், தையல் பிரித்ததும் ஆபத்து நீங்கிவிட்டதாகக் கருதுவது இயல்பு. பெரும்பாலானோருக்கு அது உண்மையே. எனினும் சிலருக்கு வாரங்கள், ஏன் மாதங்கள் கழித்தும் கிருமித்தொற்று தலைகாட்டுகிறது.

கெண்டைக்காலின் பெரிய எலும்பினுடைய மேல்முனையே முழங்கால் மூட்டின் தளம். அது உடையும்போது முறிவு மூட்டுக்குள்ளேயே செல்கிறது; காயத்திலோ பிளேட்டின்மீதோ தங்கும் கிருமிக்கும் அதுவே வழியாகிவிடுகிறது. வெளியிலிருந்து கம்பி பொருத்தப்பட்டவர்களும் கவனமாக இருக்க வேண்டும். மூட்டின் உறை, தளத்திற்குக் கீழே ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் வரை இறங்கியிருக்கக்கூடும். ஆகவேதான் இயன்றவரை அதற்கும் கீழே கம்பிகளைச் செலுத்துகிறோம்.

மூட்டினுள் சீழ் பிடித்தால் குருத்தெலும்பு சில நாட்களிலேயே அரிக்கப்படும். அழிந்தது பழையபடி வளர்வதில்லை. எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்தவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், புகைபிடிப்பவர்கள் ஆகியோருக்குத் தொற்றின் வாய்ப்பு அதிகம்.

குறைந்துவந்த வலி மீண்டும் கூடுதல், முழங்கால் நீர்கோத்து வீங்குதல், சூடும் சிவப்பும், மடக்கவோ நீட்டவோ இயலாமை, தழும்பிலோ கம்பியின் அடியிலோ கசிவு, 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். காய்ச்சல் இல்லை என்பதற்காக அசட்டையாக இருக்க வேண்டாம். காய்ச்சலின்றியும் தொற்று இருக்கலாம்.

அப்போது எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். வீட்டில் மிஞ்சியிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளையும் விழுங்காதீர்கள். மூட்டு நீரை ஊசியால் எடுத்துச் சோதித்தே எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என அறிகிறோம். முன்னரே விழுங்கிய மாத்திரை கிருமியை ஒழிக்காமல், சோதனையில் அகப்படாதபடி மறைத்துவிடக்கூடும்.

பிளேட்டை எடுத்துவிடுவார்களோ என்று அஞ்சியே பலர் வரத் தயங்குகின்றனர். பிளேட் உறுதியாக இருந்து, தொற்றும் கட்டுப்பட்டால், எலும்பு கூடும்வரை பெரும்பாலும் அதை விட்டுவைக்கவே முயல்கிறோம். மூட்டைக் கழுவி, பொதுவாக ஆறு வாரமளவில் மருந்து தருகிறோம். தாமதித்து வருவோருக்கே இவ்வாய்ப்பு குறைகிறது.

ஆகவே, மறுபரிசோதனைத் தேதிக்காகக் காத்திராமல், டிஸ்சார்ஜ் சீட்டுடனும் எக்ஸ்ரேயுடனும் அன்றே வாருங்கள். இரவாயினும் அவசரப் பிரிவுக்கு வரத் தயங்க வேண்டாம்.