கேபிளுக்குக் கொடுக்கும் காசுக்குக் கணக்கு கேட்போம்



மாத உதவித்தொகை பெறும் குடும்பங்களின் வரவு செலவை ஆண்டுக்கு ஒருமுறை நம் அறக்கட்டளை அலுவலகத்தில் சரிபார்ப்பது வழக்கம். இம்முறை ஒரு சகோதரி கொண்டுவந்த தாளில் அரிசி, மளிகை, மருந்து, கரண்ட் பில் ஆகியவற்றுக்குக் கீழே "கேபிள் 300" என்று எழுதியிருந்தது. கணவரை இழந்தவர், தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார். ரசீது இருக்கிறதா என்று கேட்டேன். "ரசீதெல்லாம் ஏது பாய்? முதல் வாரத்துல பையன் வருவான், கொடுத்துடுவேன். ரெண்டு நாள் தள்ளுனா லைன் நின்னுடும்" என்றார்.

பிறகு பலரிடம் விசாரித்தேன். வசதி உள்ளவர்கள், படித்தவர்கள் வீட்டிலும் இதே பதில்தான். எதற்காக எவ்வளவு கொடுக்கிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் டிவி வைப்பது, எதைப் பார்ப்பது என்பவை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை. இங்கே நான் எழுதுவது கொடுக்கும் காசைப் பற்றியும், அதற்குச் சட்டம் தரும் பாதுகாப்பைப் பற்றியும் மட்டுமே.

கம்பி முன்னால், சட்டம் பின்னால்

சிற்றூர்களுக்குக் கேபிள் வந்த கதை ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். ஓர் அறையில் வீடியோ டெக்கை வைத்து, மொட்டை மாடிகளுக்கு மேலாகக் கம்பி இழுத்து, மாலையில் ஒரு படம் போடுவார்கள். 1991 வளைகுடாப் போரின்போது செயற்கைக்கோள் வழியாக வெளிநாட்டுச் செய்திகள் வரத் தொடங்கின. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. அதன்பின் ஊருக்கு ஊர் டிஷ் ஆண்டெனா முளைத்தது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய நிலை இல்லை. முதலில் கம்பி இழுத்தவருக்கே அந்தத் தெரு சொந்தமாகிவிட்டது.

1994இல் அவசரச் சட்டம் ஒன்றும், அதைத் தொடர்ந்து 1995இல் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தன. பதிவு செய்யாமல் யாரும் கேபிள் நடத்தக் கூடாது என்று அது சொன்னது. அந்தந்தப் பகுதியின் தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்யும் முறை இருந்தது. பொது இடத்தில் கம்பமோ கம்பியோ போட வேண்டுமானால், அந்த இடத்துக்குப் பொறுப்பான அமைப்பின் அனுமதி வேண்டும். விதியை மீறினால் கருவிகளைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் மாவட்ட ஆட்சியர், கோட்ட அளவிலான நிர்வாகத்துறை நடுவர், காவல் ஆணையர் ஆகியோருக்கு உண்டு.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று: பதிவு என்பது தொழில் நடத்த மட்டுமே அனுமதி. "இந்தத் தெரு எனக்கு மட்டும்" என்ற உரிமையை அது எந்த ஆபரேட்டருக்கும் தருவதில்லை. ஆனால் சின்ன ஊர்களில் இரண்டாவது ஆள் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது, பகையும் வரும். ஆகவே நடைமுறையில் ஒருவரே இருக்கிறார். வேறு கடை இல்லாத ஊரில் விலைப் பலகை மிக முக்கியம். ஒழுங்குமுறை விதிகள் நமக்கு அந்த விலைப் பலகையைத்தான் தருகின்றன.

பெட்டி எதற்காக வந்தது?

பழைய முறையில் ஒரே கம்பியில் எல்லாச் சேனலும் எல்லா வீட்டுக்கும் போகும். ஊரில் மொத்தம் எத்தனை இணைப்பு என்பது ஆபரேட்டருக்கு மட்டுமே தெரியும். அரசுக்கும் சேனல் நிறுவனங்களுக்கும் அவர் சொன்னதுதான் கணக்கு. நமக்கோ தேர்ந்தெடுக்க வழியே இல்லை. இதை மாற்றவே 2011இல் சட்டம் திருத்தப்பட்டு, செட்டாப் பாக்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2012இல் பெருநகரங்களில் தொடங்கிய இந்த மாற்றத்துக்கு, கடைசிக் கட்டமான சிற்றூர்களுக்கும் கிராமங்களுக்கும் 2017 மார்ச் கெடுவாக வைக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் அரசு கேபிள் டிவி நிறுவனம் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தரத் தொடங்கியது. 2017 முதல் பெட்டியையும் விலையின்றிக் கொடுத்தது. அந்தப் பெட்டி நிறுவனத்தின் உடைமை. இணைப்பை விடும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பெட்டி வந்ததால் நமக்குக் கிடைத்த பெரிய நன்மை ஒன்றுண்டு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணில் எந்தெந்தச் சேனல், என்ன விலை என்ற கணக்கு இருக்கிறது. ரசீது தராத ஊரிலும் அந்தக் கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கிறது. கேட்டால் கிடைக்கும்.

பில்லில் உள்ள இரண்டு பகுதிகள்

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதி 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நம் கட்டணம் இரண்டு பகுதிகளாகும்.

ஒன்று, இணைப்புக் கட்டணம். முதல் 100 சேனல்களுக்கு இது 130 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று 2019இல் வரம்பு வைத்தார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. 2020இல் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல் என்று உயர்த்தினார்கள். 2024இல் இந்த உச்சவரம்பு எடுக்கப்பட்டது. இப்போது நிறுவனமே கட்டணத்தை முடிவு செய்து வெளியிட வேண்டும். ஆகவே இனி கேட்டுத் தெரிந்துகொள்வது முன்பைவிட அவசியம்.

இரண்டு, கட்டணச் சேனல்களின் விலை. இலவசச் சேனல்களுக்குத் தனி விலை கிடையாது. கட்டணச் சேனலைத் தனியாகவும் வாங்கலாம், தொகுப்பாகவும் வாங்கலாம். தொகுப்பைத்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

அந்தச் சகோதரியின் மகனை அழைத்துக்கொண்டு ஆபரேட்டர் அலுவலகத்துக்குப் போனேன். பெட்டி எண்ணைப் போட்டுப் பார்த்தபோது, இணைப்புக் கட்டணம் 130, தமிழ்ச் சேனல் தொகுப்பு 50, இந்திப் படங்களும் விளையாட்டும் அடங்கிய தொகுப்புகள் 74 என்று இருந்தது. வரியோடு சேர்த்து ஏறக்குறைய 300. இந்தி அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அவற்றை எடுத்தபின் மாதம் 212 ரூபாய் ஆனது. மிச்சமாவது ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்க அது உதவும்.

ஆபரேட்டரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. 2019இல் சேனல் பட்டியலை நிரப்பிக் கொடுக்காதவர்களுக்குப் பொருத்தமான ஒரு திட்டத்தை ஆபரேட்டரே போட்டுவிடலாம் என்று டிராய் சொல்லியிருந்தது. "படிவம் கொடுத்தேன், யாரும் திருப்பித் தரவில்லை" என்று அவர் சொன்னது உண்மைதான். நம் மஹல்லா இளைஞர்கள் சிலருக்கும் இந்தத் தொழிலே பிழைப்பு. நாம் கொடுப்பது முழுதும் அவர் கைக்குப் போவதில்லை. தனி ஒப்பந்தம் இல்லாத இடத்தில் இணைப்புக் கட்டணத்தில் 45 பங்கு அவருக்கு, 55 பங்கு மேலே உள்ள நிறுவனத்துக்கு என்பது விதி. கணக்கு ஒழுங்காக இருந்தால் அவருக்கும் நிம்மதி.

நிகழ்ச்சிகளுக்கும் விதி உண்டு

1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நிகழ்ச்சி நெறிமுறை ஒன்று இருக்கிறது. மதங்களையும் சமூகங்களையும் தாக்குவது, சமூகங்களுக்கிடையே பகையைத் தூண்டுவது, ஆபாசம், வேண்டுமென்றே சொல்லும் பொய் ஆகியவை அதன்படி கூடாது. நம்மைப் புண்படுத்தும் ஒரு நிகழ்ச்சியைப் பார்த்தால் வாட்ஸ்அப்பில் பரப்பிக் கொதிப்பதால் பயனில்லை; அதைப் பத்துப் பேருக்குக் கூடுதலாகக் காட்டியதே மிச்சம்.

2021 ஜூனில் வந்த திருத்தத்தின்படி புகாரை முதலில் அந்தச் சேனலுக்கே எழுத வேண்டும். 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, 15 நாளில் அவர்கள் பதில் தர வேண்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால் சேனல்களின் சுய ஒழுங்குமுறை அமைப்புக்கும், அதற்கு மேல் மத்திய அரசின் குழுவுக்கும் போகலாம். ஆபரேட்டர்கள் நடத்தும் உள்ளூர்ச் சேனல் பற்றிய புகாரை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழுவுக்கு அனுப்பலாம். தேதி, நேரம், நிகழ்ச்சியின் பெயர் மூன்றையும் எழுதாத புகார் நிற்காது.

நாம் செய்ய வேண்டியவை

1. மாதந்தோறும் ரசீது கேளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ரசீது கேட்பது யாரையும் சந்தேகிப்பது ஆகாது.

2. பெட்டி எண்ணைக் குறித்து வையுங்கள். உங்கள் எண்ணில் உள்ள சேனல் பட்டியலைக் கேட்டு வாங்கி, பார்க்காதவற்றை நீக்கச் சொல்லுங்கள்.

3. தொடர்ந்து 72 மணி நேரத்துக்கு மேல் இணைப்பு வராவிட்டால், அந்த நாட்களுக்கான கட்டணத்தைக் கழிக்கக் கேளுங்கள். ஊருக்குப் போவதானால் தற்காலிகமாக நிறுத்தி வைக்கவும் கேட்கலாம்.

4. பழுதோ கட்டணப் பிரச்சினையோ வந்தால் நிறுவனத்தின் இலவச எண்ணில் பேசிப் புகார் எண் வாங்குங்கள். தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அங்கே ரசீதும் புகார் எண்ணும்தான் சாட்சி.

5. தாழ்ந்து தொங்கும் கம்பியையும், மின்கம்பத்தில் சுற்றியிருக்கும் கம்பியையும் கண்டால் உடனே தெரிவியுங்கள். பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள், ஆண் துணை இல்லாத வீடுகள் ஆகியோர் பெட்டி எண்ணோடு நம் அலுவலகத்துக்கு வரலாம். அஸருக்குப் பின் மக்ரிப் வரை யாராவது ஒருவர் இருப்போம். கணக்கைப் பார்த்துச் சொல்வோம், தேவைப்பட்டால் கடிதமும் எழுதித் தருவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.

செயலாளர்