வசம்பு முடிச்சும் நாற்பத்தொன்பதாயிரம் சுவடியும்

இலங்கை மலையகத்து நோட்டன் பிரிட்ஜில் புத்தகம் சேர்க்கிறவருக்குப் பூஞ்சணத்தை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் லயன் காம்பரா அலுமாரிக்குள் இருக்கும் பிள்ளைகளின் பாடப்புத்தக அட்டையிலும் சாம்பல் புள்ளி விழுந்துவிடும். பூஞ்சண வித்துகள் காற்றில் எந்நேரமும் மிதக்கின்றன. ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டிச் சில நாள் நின்றால் அவை முளைத்து, தாளின் செல்லுலோசையும் பைண்டிங் பசையின் மாவையும் தின்னத் தொடங்கும்.

இந்த ஊர்க் கண்ணோடு தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஓலையும் காகிதமுமாக ஏறத்தாழ 49,000 சுவடிகள். நாயக்கர் காலத்தில் தொடங்கிய சேகரத்தை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) பெருக்கினார். 1820-இல் காசிக்குப் புறப்பட்டவர் யாத்திரைப் பலனோடு சுவடிகளையும் கொண்டுவந்தார். அவர் காலத்துக் கண் நோயாளிகளைப் பற்றிய சிகிச்சைக் குறிப்புகள்கூடப் படங்களோடு அங்கே உள்ளன. அரச குடும்பத்தின் அந்த நூலகம் 1918-இல் பொதுமக்களுடையதாயிற்று. ஜம்புநாத பட்டர், காகல்கர், பதங்க அவதூதர் ஆகியோரின் வீட்டுச் சேகரங்களும் வந்து சேர்ந்தன. லண்டனிலும் இப்படித்தான்: 1753-இல் இறந்த மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோனின் உயில்படி, அவர் வாரிசுகளுக்கு 20,000 பவுண் கொடுத்து வாங்கிய சேகரத்திலிருந்தே பிரிட்டிஷ் மியூசியம் எழுந்தது.

ஆனால் பூச்சிக்கு உயில் புரியாது. தஞ்சாவூரில் அதற்கு வைத்த மருந்து, வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, கறுவாப்பட்டை, கற்பூரம் எல்லாவற்றையும் பொடித்துக் கட்டிய துணி முடிச்சு. பிள்ளை பெற்ற வீட்டில் இருக்கும் அதே வசம்புதான். அதிலுள்ள பீட்டா அசரோன் பல பூச்சிகளின் முட்டை உற்பத்தியையே கெடுக்கிறது. கிராம்பின் யூஜினால் பூஞ்சணத்துக்கு ஆகாது. ஓலையில் எலுமிச்சம்புல் எண்ணெய் தடவுவார்கள். அதன் சிட்ரால் பூஞ்சணத்தின் செல் சவ்வைச் சிதைக்கும், எண்ணெய்ப் பசை ஓலையை முறியாமல் வைக்கும். எழுத்தோ எழுத்தாணி கீறிய பள்ளம். அதில் தேய்த்த விளக்குக் கரி வெறும் கார்பன் என்பதால் வெளிச்சத்தில் வெளுக்காது. வாசனை பறந்துவிடும் சரக்கு ஆகையால் முடிச்சை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சேகரத்தைக் கொடுப்பவர் அந்த வேலைக்கும் ஆள் விட்டுப்போனால்தான் கொடை நிற்கும் என்பது என் எண்ணம்.

நோட்டன் பிரிட்ஜுக்கு முடிச்சு மட்டும் போதாது. அது பூச்சியை விரட்டுமே தவிர ஈரத்தை உறிஞ்சாது. பழைய ஆட்கள் ஏட்டுக்கட்டை அடுப்புக்கு மேலே பரணில் வைத்ததில் இரட்டை ஆதாயம். புகையின் ஃபீனால்கள் பூஞ்சணத்தைத் தடுத்தன. சூடு இன்னும் பெரிய வேலை செய்தது: 15 பாகை செல்சியஸில் ஈரம் நிரம்பி நிற்கும் காற்றை 25 பாகைக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டு நீரும் குறையாமலே அதன் ஈரப்பதம் சுமார் 54 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பூஞ்சணம் முளைக்க அது போதாது. கரி படிந்து ஏடு கறுத்தது உண்மைதான். கறுத்த ஏட்டைத் துடைத்துப் படிக்கலாம், தின்றுபோன ஏட்டை என்ன செய்வது?

கேஸ் அடுப்பு வந்த வீடுகளில் பரணும் போயிற்று. இங்கே யாராவது தம் புத்தகங்களை ஊருக்கு எழுதிவைக்க நினைத்தால், அந்தச் சூட்டுக்காக அலுமாரியின் அடித்தட்டில் ஒரு சின்னக் குண்டு பல்பைப் பொருத்திவிட்டுக் கொடுக்கட்டும். அதற்கான கரண்ட் இதே ஊரின் விமலசுரேந்திர மின்நிலையத்தில்தான் பிறக்கிறது. பல்பு மட்டும் தாளில் படாமல் ஒரு சாண் தள்ளியிருக்க வேண்டும்.