ஜன்னலுக்கு ஒரு கண்ணாடி

புயல் அடித்து ஓய்ந்த பிறகு கணக்கெடுப்பவர்கள் வருகிறார்கள். விழுந்த வீடுகள் எத்தனை, மூழ்கிய நெல் எத்தனை ஏக்கர், மாண்ட கால்நடைகள் எத்தனை என்று குறித்துக்கொண்டு போகிறார்கள். அதுதான் முறை. பெரிய நஷ்டங்களுக்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும். ஆனால் உடைந்த ஜன்னல் கண்ணாடிக்கு எந்தச் சர்க்கார் ஏட்டிலும் ஒரு வரி ஒதுக்கியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

2024ஆம் வருஷம் நவம்பர் 30ஆம் தேதி இரவு, ஃபெஞ்சல் என்ற புயல் புதுச்சேரிக்கு அருகே கரை ஏறிற்று. ஏறியது மேலே நகர மனமின்றி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை கரைபுரண்டது. டிசம்பர் 2ஆம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தை எட்டும் அளவுக்கு வெள்ளம் ஏறியதால் ரயில்கள் நின்றன. அதற்கு 13 வருஷங்களுக்கு முன்னால், 2011 டிசம்பர் 30ஆம் தேதி, தானே புயல் இதே கடற்கரையைப் பதம் பார்த்திருந்தது. ஆகவே விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து ஜனங்களுக்குப் புயல் புதிய விருந்தாளி அல்ல. அது வந்து போகும் போதெல்லாம், காற்றில் படாரென்று அறைந்த ஜன்னல் கதவுகளில் சில சில்லுகளை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போகிறது.

அப்புறம் நடப்பது நேயர்கள் அறிந்ததே. உடைந்த இடத்தில் பழைய காலண்டர் அட்டை ஒன்றை ஒட்டுகிறோம். "அடுத்த வாரம் கண்ணாடி போட்டுவிடலாம்" என்று தீர்மானம் நிறைவேறுகிறது. அடுத்த வாரம் பொங்கலுக்குத் தள்ளிப்போகிறது. பொங்கல் சித்திரைக்குத் தள்ளிப்போகிறது. ஐப்பசி பிறந்து சாரல் அடித்து, அட்டை கூழாகி, குழந்தையின் பாடப் புஸ்தகங்கள் நனைந்த பிறகுதான் தீர்மானம் மறுபடி நினைவுக்கு வருகிறது.

இவ்வளவு தாமதத்துக்குக் காரணம் சோம்பல் மட்டும் அல்ல. பெரிய கட்டட வேலை என்றால் ஆள் வருவான். ஒரே ஒரு கண்ணாடித் துண்டுக்காக எந்தத் தச்சரும் பகல் பொழுதை வீணாக்க விரும்பமாட்டார். அவரைக் குறை சொல்வதற்கும் இல்லை. கடைகளுக்குப் பஞ்சம் இல்லை. சுவாமி படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் கடைகளிலேயே பெரும்பாலும் ஜன்னல் கண்ணாடியும் கிடைக்கும். அளவு சொன்னால் நிற்கும்போதே அறுத்துக் கொடுத்துவிடுவார்கள். கிராமத்திலிருந்து போனவர் அதைச் செய்தித்தாளில் சுற்றி, இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்தவரின் மடியில் வைத்து, வேகத்தடைக்கு வேகத்தடை பகவானை வேண்டிக்கொண்டு வீடு வந்து சேருகிறார். சட்டத்தில் வைத்துப் பார்த்தால் அரை விரற்கடை அதிகம்! மறுபடி 20 கிலோமீட்டர் போவதா, அட்டையே தேவலை என்று இருப்பதா?

இந்த இக்கட்டிலிருந்து தப்ப ஒரே வழி, கண்ணாடி அறுக்கும் வித்தையை வீட்டிலேயே கற்றுக்கொள்வதுதான். அது சாத்தியமா என்று மலைக்க வேண்டாம். தோசை வார்ப்பதைவிடச் சற்றே கடினம். முறுக்குப் பிழிவதைவிடச் சுலபம் என்பது நம் அபிப்பிராயம்.

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்ள வேண்டும். "கண்ணாடி அறுக்கிறோம்" என்கிறோம். உண்மையில் கண்ணாடியை யாரும் அறுப்பதில்லை, வகையாக உடைக்கிறோம். ஜவுளிக் கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரியால் சிறிது நறுக்கிவிட்டு, இரு கைகளாலும் பிடித்து டர்ரென்று கிழிக்கிறாரல்லவா? அந்த நறுக்கு இல்லாமல் பீமசேனன் வந்தாலும் அவ்வளவு நேராகக் கிழிக்க முடியாது. கல் உடைப்பவர்கள் செய்வதும் இதையே. வரிசையாகக் குழி வெட்டி, ஆப்பு இறக்கி அடித்தால் மலை போன்ற பாறையும் கோடு போட்டதுபோல் பிளக்கிறது. விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் மண்டகப்பட்டில் ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக் கோயில் இருக்கிறது. கல்லின் சுபாவம் தெரிந்த கைகள் இந்தச் சீமையில் எவ்வளவு காலமாக இருந்து வருகின்றன என்பதற்கு அதுவே சாட்சி.

கண்ணாடியின் சுபாவத்தை விஞ்ஞான ரீதியாக ஆராய்ந்தவர் கிரிஃபித் என்ற ஆங்கிலேய எஞ்சினியர். 1920-21ஆம் வருஷங்களில் அவர் வெளியிட்ட முடிவு இது: கண்ணாடி கணக்குப்படி இருக்க வேண்டிய பலத்தில் சிறு பங்கே உடையதாக இருப்பதற்குக் காரணம், அதன் மேற்பரப்பில் உள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். இழுப்பு விசை முழுவதும் கீறலின் நுனியில் போய்க் குவிகிறது. அங்கிருந்து விரிசல் ஓடுகிறது. நாம் செய்ய வேண்டியதெல்லாம், நாம் விரும்பும் இடத்தில் நாமே ஒரு கீறலை உண்டாக்கி, விரிசலை அந்த வழியே போகச் சொல்வதுதான்.

இதற்கு ஆயுதம் ஒன்றே ஒன்று. முன்பெல்லாம் வைரத்துணுக்குப் பதித்த எழுத்தாணி போன்ற கருவிதான் இருந்தது. 1869இல் அமெரிக்காவில் சாமுவேல் மான்ஸ் என்பவர், கெட்டி எஃகினால் ஆன குட்டிச் சக்கரம் வைத்த கருவிக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். இன்று ஹார்டுவேர் கடையில் "கண்ணாடி கட்டர்" என்று கேட்டால் கிடைப்பது அதன் சந்ததிதான். சக்கரம் மட்டும் நல்ல வகைகளில் எஃகைவிடக் கடினமான கலப்பு உலோகத்தில் வருகிறது. மிக மலிவான கட்டரை வாங்கிவிட்டுத் தம் கையை நொந்துகொள்பவர்கள் அநேகர். சற்று நல்லதாக வாங்குவதே சிக்கனம். சக்கரத்துக்குத் துளி மண்ணெண்ணெய் தொடுவது வழக்கம். அது கிடைக்காத வீடுகளில் தையல் மிஷின் எண்ணெய் போதும்.

இனி அளவு எடுப்பது. வேலையில் முக்கால் பங்கு இதுதான் என்றாலும் தவறில்லை. பழைய சில்லுகளைக் கையுறை அணிந்து எடுத்துவிட்டு, மரக்கீற்றுகளைப் பெயர்த்து, சட்டத்தின் காடியை உளியால் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு நீளத்தை இரண்டு ஓரங்களிலும், அகலத்தை இரண்டு ஓரங்களிலும், குறுக்கே மூலைக்கு மூலையும் அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சட்டம் சதுரம், இல்லாவிட்டால் கோணல். நாற்பது வருஷம் மழையும் வெயிலும் தின்ற வேப்பமரச் சட்டம் கோணாமல் இருந்தால்தான் ஆச்சரியம்! அப்படிப்பட்ட சட்டத்துக்கு நல்ல கெட்டி அட்டையில் மாதிரி வெட்டி, அதைக் காடியில் வைத்துப் பார்த்துக்கொள்வது உத்தமம். கிடைத்த அளவில் நீளத்திலும் அகலத்திலும் 3 மில்லிமீட்டர் குறைத்துக்கொள்ள வேண்டும். கோடையில் அளந்தால் இன்னும் ஒரு மில்லிமீட்டர் குறைப்பதில் தோஷம் இல்லை. மரம் மழையில் ஊதும், கண்ணாடி விட்டுக்கொடுக்காது. இடம் இல்லாமல் இறுக்கி வைத்த கண்ணாடி, கல் எறிவார் யாரும் இல்லாமலே ஒரு நாள் விரிந்துவிடும்.

கனம் எவ்வளவு? படச் சட்டத்துக்குப் போடும் 2 மில்லிமீட்டர் கண்ணாடி ஜன்னலுக்கு உதவாது. சாதாரண ஜன்னலுக்கு 4 மில்லிமீட்டர் சரியானது. அதில் ஒரு சதுர அடி சுமார் 930 கிராம் எடை இருக்கும் என்பதை, தூக்கிச் செல்லும் முன்பே நினைவில் வைக்கவும்.

மேஜையின் மேல் ஜமக்காளத்தை மடிப்பின்றி விரித்து, கண்ணாடியைச் சோப்பு நீரால் துடைத்து ஈரம் போக உலர்த்திப் படுக்க வையுங்கள். அழுக்கு இருந்தால் சக்கரம் தத்தும். மட்டப் பலகையை வைத்து, எதிர் ஓரத்திலிருந்து நம் பக்கமாக, ஒரே அழுத்தத்தில், ஒரே இழுப்பில் கோடு இழுக்க வேண்டும். கைப்பலத்துக்கு இங்கே வேலை இல்லை. மெல்லிய சீறல் போன்ற ஓசை, ஆரம்பம் முதல் முடிவு வரையில் அறுபடாமல் கேட்க வேண்டும். நெறுநெறுவென்று கேட்டு, கோட்டின் இருபுறமும் வெண்பொடி உதிர்ந்தால் அழுத்தம் மிதமிஞ்சிவிட்டது என்று அர்த்தம். ஓசையே இல்லாவிட்டால் சக்கரம் வழுக்குகிறது. இடையில் விட்டுப்போனாலும் சரி, அதே கோட்டில் இரண்டாம் முறை இழுக்கவே கூடாது. அப்படிச் செய்தால் ஒரு கீறல் பல கீறல்களாகி விரிசல் வழி தவறிப்போகும், சக்கரமும் மழுங்கும். முதல் நாள் உடைந்த சில்லுகளில் பத்துப் பன்னிரண்டு கோடு போட்டுக் காதைப் பழக்கிக்கொண்டால், இரண்டாம் நாள் கை தானே கேட்கும்.

கோடு போட்டதும் காபி சாப்பிடப் போகாதீர்கள்! கீறலின் அடியில் குவிந்திருக்கும் விசை நேரமாக ஆகப் பக்கவாட்டில் நுண்ணிய பிளவுகளாகக் கலைந்துவிடும். உடனே, கோட்டின் நேர் கீழே ஒரு பென்சிலையோ, மெல்லிய மரக் குச்சியையோ வைத்து, இரு புறமும் உள்ளங்கையால் ஒரே சமயத்தில் அழுத்துங்கள். "டக்" என்று ஒரு சத்தம். கண்ணாடி இரண்டாகிக் கிடக்கும். அந்தச் சத்தத்தின் சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது. ஓரத்தில் விரலளவு கீற்றை மட்டும் எடுக்க வேண்டியிருந்தால் குறட்டின் வாயில் துணி சுற்றிக் கீழ்ப்புறமாக வளைக்க வேண்டும். அரை அங்குலத்துக்குக் குறைந்த கீற்று அனுபவஸ்தர்களையே ஏமாற்றும். பூ வேலைப்பாடு உள்ள கண்ணாடியானால் வழவழப்பான பக்கத்திலேயே கோடு போட வேண்டும். வெட்டிய விளிம்புகளைச் சாணைக்கல்லை நீரில் நனைத்து லேசாக இழைத்துவிடுவது கைக்கு நல்லது.

அறுக்கவே கூடாத கண்ணாடி ஒன்று உண்டு. சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்துக் கெட்டிப்படுத்திய "டஃபன்ட்" கண்ணாடிதான் அது. மோட்டார் காரின் பக்கக் கண்ணாடிகளும், பெரிய கடைகளின் கதவுகளும் பெரும்பாலும் இந்த ஜாதி. மலிவாகக் கிடைத்ததென்று அதைக் கொண்டுவந்து கட்டரை வைத்தால், முழுப் பலகையும் ஒரு நொடியில் பொரிகடலையாகச் சிதறிவிடும். மூலையில் சிறு முத்திரை பொறித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாவிட்டாலும் சந்தேகமிருந்தால் தொடாதீர்கள்.

இந்தக் கண்ணாடி எங்கிருந்து வருகிறது என்பதும் நாம் அறிய வேண்டியதே. நம் முன்னோர்கள் கண்ணாடி அறியாதவர்கள் அல்லர். விழுப்புரத்துக்குக் கிழக்கே, புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் ஏறக்குறைய 2000 வருஷங்களுக்கு முன்பே கண்ணாடி மணிகள் செய்து கடல் கடந்து அனுப்பினார்கள். 1945இல் மார்டிமர் வீலர் அங்கே அகழ்வு நடத்தினார். ஆனால் மணி செய்த கை ஜன்னலுக்குப் பலகை செய்யவில்லை. முற்றமும் மரக்கதவும் இரும்புக் கம்பியும் இருந்த வீட்டுக்கு அது தேவைப்படவும் இல்லை. தேவை வந்தபோது கண்ணாடி கப்பலில் வந்தது. சுதேசி இயக்கத்தின்போது மகாராஷ்டிரத்தில் அந்தாஜி காளே என்பவர், ஆளுக்கு ஒரு பைசா வீதம் ஊர் ஊராகத் திரட்டிய நிதியைக் கொண்டு 1908இல் தளேகாவில் கண்ணாடித் தொழிற்சாலை ஏற்பட்டது. திலகர் அதற்கு ஆதரவு தந்தார். அங்கே பொறுப்பேற்ற ஈசுவர தாஸ் வார்ஷ்ணேய், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொழில் கற்றவர். அவர் பிற்பாடு ஐக்கிய மாகாணத்தில் பஹ்ஜோயில் நிறுவிய ஆலை, ஜன்னல் கண்ணாடி செய்வதில் நம் நாட்டுக்கு முன்னோடி ஆயிற்று. ஒரு பைசா கொடுத்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஜன்னலுக்குக் கண்ணாடி இருந்திருக்கும்?

திண்டிவனத்துக்கு வடக்கே ஸ்ரீபெரும்புதூரில் 2000ஆம் வருஷம் செயல்படத் தொடங்கிய பெரிய ஆலை, செயின்ட் கோபெய்ன் என்ற பிரெஞ்சுக் கம்பெனியுடையது. பதினான்காம் லூயி மன்னன் காலத்தில், 1665இல் பிறந்த கம்பெனி அது! இங்கே பாகு காய்ச்சி, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுப் பலகையாக்குகிறார்கள். 1950களில் இங்கிலாந்தில் பில்கிங்டன் கம்பெனியார் கண்ட முறை இது. நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பூசுகிறார்களே, அதே ஈயந்தான். அது குளம்போல் சமமாக நிற்பதால்தான் கண்ணாடியில் அலை இல்லாமல் வருகிறது. முதல் யாருடையதானாலும் வேலை செய்கிற கைகளில் பெரும்பாலானவை நம்முடையவை என்ற மட்டில் திருப்தி அடையலாம். முழுத் திருப்தி அடைந்தோம் என்று சொல்ல மாட்டோம்.

கண்ணாடியைப் பொருத்துவதற்கு வருவோம். காடியில் மெல்லியதாகப் புட்டி தடவி, அதன்மேல் கண்ணாடியை அமர்த்தி, நான்கு ஓரமும் விரலால் மெல்ல அழுத்த வேண்டும். நடுவில் அழுத்தக் கூடாது. சாக்குத் தூளும் ஆளிவிதை எண்ணெயும் சேர்த்துப் பிசைந்தால் வீட்டிலேயே புட்டி தயார். சப்பாத்தி மாவின் பதம் போதும். மரக்கீற்றை மறுபடி வைத்துச் சிறு ஆணி அடிக்கும்போது, சுத்தியைத் தூக்கி அடிக்காமல் கண்ணாடியின் மேல் கிடத்தியபடி சறுக்கித் தட்ட வேண்டும். மூன்று மணி நேர உழைப்பும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பாழாகிறது.

உடைந்த சில்லுகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவற்றை அப்படியே குப்பைத் தொட்டியில் கொட்டுவது பாபம். நகராட்சியின் தூய்மைப் பணியாளர் அந்தக் குப்பையில் கை விடுகிறார் என்பதைப் படித்த குடும்பங்களே மறந்துவிடுகின்றன. கெட்டியான அட்டைப் பெட்டியில் போட்டு, கயிற்றால் கட்டி, மேலே "கண்ணாடி" என்று பெரிய எழுத்தில் எழுதி, அவர் கையிலேயே சொல்லிக் கொடுங்கள். தரையை ஈரத் துணியால் இரண்டு முறை துடைத்த பிறகே குழந்தைகளை உள்ளே விடுங்கள்.

புட்டி இறுகி வர்ணம் தாங்குவதற்கு இரண்டு வாரமாவது பிடிக்கும். அதற்குள் மழை அடித்தால் எண்ணெய்ப் புட்டி வழிந்துவிடும். ஆகையால் ஆவணி பிறந்ததுமே அளவு எடுத்துக்கொண்டு, புரட்டாசியின் நல்ல வெயில் ஓய்வதற்குள் வர்ணத்தையும் பூசி முடித்துவிட வேண்டும்.