காட்டுக்குக் குடிபெயர்ந்த குடும்பம்

பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு முகம் சுளிக்காமல் பார்க்கத்தக்க திரைப்படம் கிடைப்பதில்லை என்பது பெற்றோர் பலரின் குறை. இது புதிய குறையன்று. 1970களில் அமெரிக்கப் பெற்றோரும் இவ்வாறே முணுமுணுத்தனர். அந்நாளில் சிறு முதலீட்டில் எடுக்கப்பட்ட காட்டு வாழ்க்கைப் படங்கள் சில, குடும்பங்களைத் திரையரங்குக்கு அழைத்து வந்தன. அவற்றுள் ஒன்று, 1975இல் வெளிவந்த 'தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் தி வில்டர்னெஸ் ஃபேமிலி'. இயக்கியவர் ஸ்டூவர்ட் ராஃபில்.

கதை எளியது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கட்டடத் தொழில் செய்பவர் ஸ்கிப் ராபின்சன். நகரத்துப் புகையால் மகள் ஜென்னிக்கு மூச்சு நோய். இந்தக் காற்றில் பிள்ளை தேறமாட்டாள் என்று கண்ட தந்தை, மனைவி பாட், மகள், சிறுவன் டோபி ஆகியோருடன் ராக்கி மலைக்காட்டில் குடியேறுகிறார். மரங்களை வெட்டி, அடுக்கி, குடில் எழுப்புகிறார்கள். கரடி வருகிறது, ஓநாய்கள் வருகின்றன. வில்லன் என்று மனிதன் எவனும் இல்லை.

பெரும் நட்சத்திரங்களும் இல்லை. அரங்க அமைப்புச் செலவும் இல்லை. மலையும் காடும் விலங்குகளுமே மூலதனம். விலங்குகளைப் படப்பிடிப்புக்குப் பழக்கும் தொழிலில் ராஃபில் முன்பே தேர்ந்தவர். இத்தகைய படங்களை விற்ற முறையும் வேறு. தயாரிப்பாளரே திரையரங்கைச் சில நாட்களுக்கு மொத்தமாக வாடகைக்கு எடுப்பார். அந்தந்த ஊர்த் தொலைக்காட்சியில் விளம்பரங்களை இடைவிடாது ஒளிபரப்பச் செய்வார். நுழைவுச்சீட்டு வசூல் முழுவதும் அவருக்கே. இப்படத்துக்குக் கிடைத்த வரவேற்பால் 1978இலும் 1979இலும் தொடர்ச்சிப் படங்கள் வெளிவந்தன.

படத்தில் என்னைக் கவர்ந்தது சாகசமன்று. மகளின் மூச்சுக்காக வேலையையும் வீட்டையும் விட்டுச் செல்லத் துணிந்த பெற்றோரின் மனம். ஊதியம் எவ்வளவு, அண்டை வீட்டார் என்ன சொல்வர் என்ற கணக்குகளை நோயுற்ற பிள்ளைக்காக ஒதுக்கிவைக்க எத்தனை பேரால் இயலும்?

எனினும் ஒரு கேள்வி எழாமல் இல்லை. ஸ்கிப்பின் மகள் தப்பினாள். அந்நகரிலேயே தங்கிவிட்ட இலட்சக்கணக்கான பிள்ளைகளின் கதி என்ன? எல்லோரும் காட்டுக்குச் சென்றால் காடுதான் மிஞ்சுமா?

லாஸ் ஏஞ்சல்ஸ் புகைமூட்டம் கற்பனையன்று. 1943ஆம் ஆண்டு ஜூலையில் கண்ணெரிச்சலூட்டும் மூட்டம் அந்நகரைக் கவிந்தது. மலைகள் சூழ்ந்த பள்ளம் அது. குளிர்ந்த காற்றின் மேல் வெப்பக் காற்று மூடிபோல் படிந்துவிட்டால் புகை மேலெழ வழியில்லை. வாகனப் புகையும் எண்ணெய் ஆவியும் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் என்னும் நச்சாகின்றன என்பதை 1950களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலார் கண்டு கூறினார். வாகன நிறுவனங்கள் எளிதில் ஒப்பவில்லை. 1970இல் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கிக் கருவி அமெரிக்கப் புதிய கார்களில் பரவலாக இடம்பெற்றது 1975ஆம் ஆண்டு மாதிரிகளில். ஆம், இப்படம் வெளிவந்த அதே ஆண்டில்! ஈயம் கலந்த பெட்ரோல் அக்கருவியைக் கெடுக்கும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் விற்பனைக்கு வந்தது. அந்நகரின் காற்று இன்றும் முழுத் தூய்மை பெறவில்லை. ஆயினும் 1970களோடு ஒப்பிட்டால் வெகுவாகத் தெளிந்துள்ளது. திரையில் ஒரு குடும்பம் மலையேறிக் கொண்டிருந்தபோது, ஊரில் தங்கியவர்களின் மூச்சுக்கு வழி செய்தவை இச்சட்டமும் கருவியும்தான்.

பிள்ளைகளுக்கு இப்படத்தைத் தாராளமாகக் காட்டலாம். ஆனால் பார்க்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: திரையில் மனிதரோடு நெருங்கிப் பழகும் கரடிகள் பயிற்றுவிக்கப்பட்டவை. மெய்யான காட்டில் குட்டி நிற்கும் இடத்தில், தாய்க்கரடியும் அருகிலேயே இருக்கும்.