வரி கட்டும்போது 'ரெசிடென்ட்', குடியுரிமை கேட்டா 'சட்டவிரோதக் குடியேறி': ஒரே ஆள், ரெண்டு சட்டம்



ஜூலை மாசம் சேலத்துல எங்க ஆபீஸ்ல உட்கார இடம் இருக்காது. வர்றவங்க எல்லார் கையிலயும் ஃபார்ம் 16. அப்படி வந்தவர்தான் இந்தத் தம்பி. வயசு 27, நாமக்கல் பக்கம் ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் வேலை, மாசம் 42,000 ரூபாய் சம்பளம். ரிட்டர்ன் பத்து நிமிஷத்துல முடிஞ்சிருச்சு. கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், அடுத்த வருஷம் கல்யாணம். அதுக்குள்ள ஒரு சின்ன வீடு வாங்கிடலாம்னு இருக்கேன். ஹோம் லோன் எவ்வளவு கிடைக்கும்?"

தினமும் கேட்கிற கேள்விதான். இஎம்ஐ கணக்கைச் சொல்ல ஆரம்பிச்சேன். அவர் நடுவுல நிறுத்தி, "சார், ஒண்ணு சொல்லணும். நான் முகாம்ல பிறந்தவன். அப்பா அம்மா 1990-ல படகுல வந்தவங்க"ன்னார்.

கால்குலேட்டரைக் கீழே வச்சுட்டேன். ஏன்னா அந்த ஒரு வரி, நான் சொல்ல வேண்டிய பதிலையே மாத்திடுச்சு.

"சட்டவிரோதக் குடியேறிகளைத் திருப்பி அனுப்பணும்"ங்கிற பேச்சு இப்ப டீக்கடையில இருந்து ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் ஓடுது. அந்த வார்த்தை நம்ம ஊர்ல யார் மேல விழுது, விழுந்தா அவர் பணத்துக்கு என்ன ஆகுதுன்னு இந்தப் பதிவுல பார்க்கலாம்.

முதல்ல, வருமான வரி என்ன கேட்குது?

வருமான வரிச் சட்டம் உங்க குடியுரிமையைப் பார்த்து வரியை முடிவு பண்றதில்லை. "இந்த வருஷம் இந்தியாவுல எத்தனை நாள் இருந்தீங்க?"ன்னுதான் முதல்ல கேட்குது. 182 நாள் அல்லது அதுக்கு மேல இருந்தா நீங்க 'ரெசிடென்ட்'. அவ்வளவுதான்.

நம்ம தம்பியோட 2025-26 கணக்கு இது:

- வருஷச் சம்பளம்: 5,04,000 ரூபாய்
- ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்: 75,000 ரூபாய்
- வரிக்குரிய வருமானம்: 4,29,000 ரூபாய்
- புது முறையில வரி: 4 லட்சத்துக்கு மேல இருக்கிற 29,000-க்கு 5 சதவீதம், அதாவது 1,450 ரூபாய்
- 87ஏ தள்ளுபடிக்கு அப்புறம் கட்ட வேண்டியது: பூஜ்யம்

பக்கத்து சீட்ல உட்கார்ந்திருக்கிற ராசிபுரத்துக்காரருக்கும் இதே கணக்குதான், ஒரு ரூபாய் வித்தியாசம் கிடையாது. கடையில சோப்பு வாங்கினா ஜிஎஸ்டி எடுக்கிறாங்க, அங்கேயும் யாரும் பாஸ்போர்ட் கேட்கிறதில்லை. ஆதாரும் அப்படித்தான். இங்க வசிக்கிறதுக்கான அடையாளம் அது, குடியுரிமைச் சான்று இல்லை.

குடியுரிமைச் சட்டம் வேற ரெண்டு கேள்வி கேட்குது

ஒண்ணு, எப்ப பிறந்தீங்க? ரெண்டு, பெத்தவங்க எந்தப் பேப்பரோட நாட்டுக்குள்ள வந்தாங்க?

1955-ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டத்துல, இந்தியாவில் பிறந்தவங்களுக்கு மூணு கட்டம் இருக்கு:

- 26.1.1950 முதல் 30.6.1987 வரை: இங்க பிறந்தாலே (தூதர் குடும்பம் மாதிரி சில விதிவிலக்கு தவிர) குடிமகன்.
- 1.7.1987 முதல் 2.12.2004 வரை: அப்பா அம்மாவுல ஒருத்தராவது இந்தியக் குடிமகனா இருக்கணும்.
- 3.12.2004-க்கு அப்புறம்: ரெண்டு பேரும் குடிமக்களா இருக்கணும், இல்லைன்னா ஒருத்தர் குடிமகனா இருந்து இன்னொருத்தர் 'சட்டவிரோதக் குடியேறி'யா இல்லாம இருக்கணும்.

இந்தத் தேதிகள் எவ்வளவு முக்கியம்னு ஒரு உதாரணம். 1986-ல மண்டபம் முகாம்ல பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டுச்சு. 2022-ல சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, அவர் பிறப்பாலேயே இந்தியர், பாஸ்போர்ட் கொடுங்கன்னு உத்தரவு போட்டது. 2024 மக்களவைத் தேர்தல்ல அவர் ஓட்டும் போட்டார். அவரே ஒண்ணரை வருஷம் தள்ளிப் பிறந்திருந்தா அந்தக் கதவு மூடியிருக்கும். நம்ம தம்பி பிறந்தது 1998-ல.

சரி, பிறப்பால கிடைக்கலைன்னா விண்ணப்பம் போட்டு வாங்கலாமே? அங்கதான் 2003-ஆம் வருஷத் திருத்தம் குறுக்க நிக்குது. செல்லத்தக்க ஆவணம் இல்லாம இந்தியாவுக்குள்ள 'நுழைந்த' வெளிநாட்டவர் சட்டவிரோதக் குடியேறி, அவர் பதிவு மூலமாவோ இயல்புரிமை மூலமாவோ குடியுரிமை கேட்க முடியாதுன்னு அது சொல்லுது. குண்டுக்குப் பயந்து ராத்திரி படகு ஏறினவங்க கையில விசா எங்க இருந்து வரும்?

இதுல ஒரு நுணுக்கம் கவனிங்க. தம்பி எங்கேயும் 'நுழையவே' இல்லை, இங்கேயே பிறந்தவர். ஆனா நடைமுறையில அப்பா அம்மா இருக்கிற அதே வகையிலதான் அவரையும் வைக்கிறாங்க.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்ல இருந்து வந்த ஆறு மதத்தவருக்கு இந்தத் தடையை நீக்குச்சு. அந்தப் பட்டியல்ல இலங்கை இல்லை.

2025 செப்டம்பர் 1-ல இருந்து புதுசா குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அமலுக்கு வந்திருக்கு. ஆவணம் இல்லாம நுழைஞ்சா 5 வருஷம் வரைக்கும் சிறை, 5 லட்சம் வரைக்கும் அபராதம். இதுல ஒரு நல்ல செய்தி இருக்கு: 9.1.2015-க்கு முன்னாடி வந்து பதிவு பண்ண இலங்கைத் தமிழர்களுக்கு இந்தத் தண்டனைப் பிரிவுகள்ல இருந்து மத்திய அரசு விலக்கு கொடுத்திருக்கு. ஆனா இது ஜெயில் பயத்தைத்தான் போக்குது. குடியுரிமையைத் தரலை.

அப்ப வீடு?

இங்கதான் தம்பி முகம் வாடிருச்சு. ஃபெமா விதிப்படி இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், சீனா உள்ளிட்ட சில நாடுகளோட குடிமக்கள், ரிசர்வ் வங்கியோட முன் அனுமதி இல்லாம இந்தியாவுல வீடு, நிலம் வாங்க முடியாது. அனுமதி இல்லாம முடிஞ்சது அஞ்சு வருஷத்துக்கு மிகாத குத்தகை மட்டும்தான்.

சிபில் ஸ்கோர் நல்லா இருக்கு, சம்பளம் ஒழுங்கா வருது. ஆனாலும் சொத்து அவர் பேர்ல பதிவாக வழியில்லைன்னா, பேங்க் எதை அடமானமா எடுக்கும்?

"கட்டிக்கப்போற பொண்ணு ராசிபுரம், இந்தியக் குடிமகள்தான். அவங்க பேர்ல வாங்கலாமா?"ன்னார். அவங்க சொந்த வருமானத்துல, சொந்த லோன்ல வாங்கினா அது அவங்க சொத்து, தப்பே இல்லை. ஆனா நீங்க பணம் போட்டு அவங்க பேர்ல பதியறதா இருந்தா, வக்கீலைப் பார்க்காம ஒரு அடி எடுத்து வைக்காதீங்கன்னு சொன்னேன்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணும் சொல்ல வேண்டியிருந்தது. மேல இருக்கிற மூணாவது கட்டத்தை மறுபடி படிங்க. அம்மா இந்தியரா இருந்தாலும், அப்பாவை 'சட்டவிரோதக் குடியேறி'ன்னு வகைப்படுத்தினா, பிறக்கப்போற குழந்தையோட குடியுரிமையும் கேள்விக்குறிதான். அவருக்கு அது தெரிஞ்சிருக்கலை. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் எதுவும் பேசலை.

"திருப்பி அனுப்பிடலாம்": யாரை, எங்க?

2025 பிப்ரவரி 5-ஆம் தேதி அமெரிக்க ராணுவ விமானம் ஒண்ணு 104 இந்தியர்களோட அமிர்தசரஸ்ல இறங்கினது ஞாபகம் இருக்கா? கையில விலங்கு, கால்ல சங்கிலி. நம்ம எல்லாருக்கும் கோபம் வந்தது. ஆனாலும் அவங்களை அனுப்ப முடிஞ்சதுக்குக் காரணம், அவங்க எந்த நாட்டுக் குடிமக்கள்ங்கிறதுல சந்தேகம் இல்லை, இந்தியா ஏத்துக்கிச்சு. ஒருத்தரை நாடு கடத்தணும்னா, 'இவர் எங்க ஆள்'னு இன்னொரு நாடு ஒத்துக்கணும்.

முகாம்ல பிறந்த பிள்ளைங்க விஷயத்துல இது சுலபம் இல்லை. இலங்கைக்கு வெளியே பிறந்த குழந்தை அந்த நாட்டுக் குடியுரிமை பெறணும்னா, பிறப்பை அவங்க தூதரகத்துல பதிவு பண்ணணும். பண்ணாதவங்க ரெண்டு நாட்டுலயும் இல்லாம நடுவுல நிக்கிறாங்க.

இன்னொரு கூட்டமும் முகாம்கள்ல இருக்கு. சேலம், திருச்சி ஜில்லாக்கள்ல இருந்து கண்டிச்சீமைத் தோட்டங்களுக்குக் கூலியா போனவங்களோட பேரப்பிள்ளைங்க. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துல 5.25 லட்சம் பேரை எடுத்துக்கிறதா இந்தியா ஒத்துக்கிட்டது. இவங்க இன்னைக்கு முகாம்ல இருக்காங்கன்னா, யார் யாரை எங்க அனுப்புறது?

எதிர்த்தரப்பு சொல்றதையும் நேர்மையா வச்சிடறேன். எல்லைன்னு ஒண்ணு இருந்தா அதுக்கு அர்த்தம் இருக்கணும். ஒருத்தருக்கு விலக்கு கொடுத்தா அடுத்தவரும் கேட்பார். பாதுகாப்புக் கவலையும் கற்பனை இல்லை, 1991-ல ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு முன்னாள் பிரதமரை இழந்திருக்கோம். 2025 மே மாசம் உச்சநீதிமன்றமும், வழக்குல தண்டனை முடிச்ச ஒரு இலங்கைத் தமிழர் மனுவுல, எல்லா நாட்டு அகதிகளையும் வச்சுக்க இந்தியா சத்திரம் இல்லைங்கிற பொருள்ல சொல்லி மனுவைத் தள்ளுபடி பண்ணுச்சு. போரும் 2009-ல முடிஞ்சிருச்சு, திரும்பிப் போக விரும்புறவங்க போறதுல தப்பே இல்லை.

ஆனா முன்னாடி பண்ணிப் பார்த்த அனுபவமும் இருக்கு. 1992-லிருந்து 1995-க்குள்ள சுமார் 54 ஆயிரம் பேரைத் திருப்பி அனுப்பினாங்க. அவங்க விருப்பப்பட்டுத்தான் போறாங்களான்னு கேள்வி எழுந்து, அதைச் சரிபார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில ஆபீஸே திறந்தது. அங்க சண்டை ஓயாததால மறுபடியும் படகுகள் வந்தது.

கொஞ்சம் கணக்கு

தமிழ்நாட்டுல நூத்துக்கும் மேற்பட்ட முகாம்கள்ல சுமார் 58 ஆயிரம் பேர், வெளியே பதிவு பண்ணி வாழறவங்க சுமார் 34 ஆயிரம் பேர். நம்ம பக்கம் பரமத்தி, குறுக்குப்பட்டின்னு முகாம்கள் இருக்கு. 2021-ல அறிவிச்ச உதவித்தொகைப்படி குடும்பத் தலைவருக்கு மாசம் 1,500, மத்த பெரியவங்களுக்கு 1,000, குழந்தைக்கு 500 ரூபாய். நாலு பேர் குடும்பத்துக்கு மாசம் 3,500, வருஷம் 42,000 ரூபாய்.

நம்ம தம்பி ஒரே மாசத்துல சம்பாதிக்கிறது அதே 42,000. அரசுப் பள்ளியில படிச்சு, டிகிரி முடிச்சு, இப்ப வரி ரிட்டர்ன் போடுற ஆள். 27 வருஷம் செலவு பண்ணி ஒரு சொத்தை உருவாக்கிட்டு, அது வருமானம் தர ஆரம்பிக்கும்போது ரைட்-ஆஃப் பண்ணுங்கன்னு எந்த ஆடிட்டராவது சொல்வாரா?

என் கருத்து இதுதான்: நேத்து ராத்திரி எல்லை தாண்டினவரையும், 1998-ல நாமக்கல் மாவட்டத்துல பிறந்தவரையும் ஒரே வார்த்தையால கூப்பிடுற சட்டம், எல்லையைக் காக்கலை. ஒரு லெட்ஜர்ல ரெண்டு வேற கணக்கைக் கலந்து எழுதின மாதிரி குழப்பத்தைத்தான் உண்டாக்குது. நீங்க எந்தப் பக்கம் நின்னாலும், "அனுப்பணும்"னு சொல்றதுக்கு முன்னாடி எந்தத் தேதி, எந்தப் பேப்பர்னு கேளுங்க.

நீங்க என்ன பண்ணலாம்?

முகாம்ல பிறந்தவரா இருந்தா:

1. உங்களோட, அப்பா அம்மாவோட பிறப்புச் சான்றிதழ், முகாம் அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ரெண்டு இடத்துல வைங்க. ஒரு தேதி உங்க வாழ்க்கையையே மாத்தலாம்.
2. தாத்தா பாட்டி இந்திய வம்சாவளியா இருந்தா பழைய தோட்டப் பேப்பர், இந்தியப் பாஸ்போர்ட், ஒப்பந்தக் காலப் பதிவு எதையும் தூக்கிப் போடாதீங்க.
3. ரிட்டர்ன் போட வேண்டிய வருஷம் எல்லாம் போடுங்க. குடியுரிமை கிடைக்காது, ஆனா எத்தனை வருஷமா இங்க சம்பாதிச்சு வாழறீங்கன்னு காட்டற ஆவணம் அது.
4. பினாமியா, நண்பர் பேர்ல சொத்து வாங்காதீங்க. சொத்தும் போகும், வழக்கும் வரும்.
5. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்க. தகுதி இருந்தா வக்கீல் இலவசம்.

ஹெச்ஆர், பேரோல்ல இருக்கறவரா இருந்தா: பேரையும் பேச்சு வழக்கையும் வச்சு யாரையும் முடிவு பண்ணாதீங்க. வரிக் கணக்கை வரிச் சட்டப்படி போடுங்க, சந்தேகம் இருந்தா எழுத்து மூலமா ஆலோசனை கேளுங்க.

கடைசியில தம்பிக்கு நான் சொன்னது: வீட்டுக்கு எடுத்து வச்ச பணத்தைக் கரைக்காதீங்க. ஆறு மாசச் செலவை எமர்ஜென்சி ஃபண்டா தனியா வைங்க, மீதியை பேங்க் ஆர்டியில போட்டுக்கிட்டே வாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு குடியுரிமை வக்கீலைப் பாருங்க, அந்தப் ஃபீஸ் வீண் செலவு இல்லை.

அவர் ரிட்டர்ன் காப்பியை வாங்கிப் பார்த்தார். 'ரெசிடென்ட்'னு இருந்த இடத்துல விரலை வச்சு, "இதுலயாவது எழுதியிருக்கே சார்"ன்னு சிரிச்சுட்டுக் கிளம்பினார்.

இந்த மூணு தேதிகளையும் போர்டுல எழுதி விளக்கின வீடியோ நம்ம சேனல்ல இருக்கு. முகாம்ல இருக்கிற ஒரு நண்பர் உங்களுக்கு இருந்தா, அவருக்கு அனுப்புங்க.