கண்ணுக்குக் கருப்பு, லேசருக்குக் கண்ணாடி

சில டிவி ரிமோட்டுகளின் முன்முனையில் கருப்பான ஒரு பிளாஸ்டிக் ஜன்னல் இருக்கும். உள்ளே என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது. ஆனால் அங்கிருக்கும் எல்.இ.டி.யின் அகச்சிவப்பு ஒளி, சுமார் 940 நானோமீட்டர், அதன் வழியாகச் சாதாரணமா வெளியே போகுது. நாம் 'கருப்பு' என்று சொல்வது ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியைப் பற்றி மட்டும்தான். அதுக்கு மேலே அந்தப் பொருள் எப்படி நடந்துக்கும்னு கண்ணால் சொல்ல முடியாது.

பிளாஸ்டிக்கை லேசரால் வெல்டிங் செய்கிறவர்கள் இந்த விஷயத்தை வச்சுத்தான் பிழைக்கிறாங்க.

உலோக வெல்டிங் மாதிரி வெளியிலிருந்து விளிம்பை உருக்குவதில்லை. இரண்டு துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அழுத்திப் பிடிக்கிறாங்க. மேல் துண்டு லேசரை உள்ளே விடணும், கீழ்த் துண்டு அதை விழுங்கணும். இரண்டும் தொடும் இடத்தில் ஒளி வெப்பமாக மாறும். அந்த வெப்பம் மேல் துண்டுக்கும் ஏறி, இரண்டும் உருகிக் கலந்து, ஆறும்போது ஒட்டிக்கொள்ளும். (அழுத்திப் பிடிக்காம நடுவுல காற்று இடைவெளி விழுந்தா வெப்பம் சரியா மேலே ஏறாது. கீழே கருகும், மேலே ஒண்ணும் ஆகாது.)

கீழ்த் துண்டை விழுங்க வைப்பது கார்பன் பிளாக். எண்ணெயை அரைகுறையாக எரித்து எடுக்கும் கரித்தூள், டயரில் போடுற அதே சரக்கு. பெரும்பாலான பிளாஸ்டிக்குகள் இயல்பாக 800 முதல் 1100 நானோமீட்டர் ஒளியை அதிகம் உறிஞ்சாது. எடையில் சுமார் 0.3 சதவீதம் கார்பன் பிளாக் சேர்த்தாலே, மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு ஆழத்துக்குள் ஒளி அடங்கிவிடும். அப்போ இன்னும் கொட்டினா இன்னும் நல்லதுதானே? இல்லை. கரி கூடினால் வெப்பம் முழுக்க மிக மெல்லிய அடுக்கில் குவிந்து, பிளாஸ்டிக் உருகுறதுக்குப் பதிலா சிதைஞ்சு குமிழி விடும். குறைந்தால் வெப்பம் ஆழமாகப் பரவிப்போய், உருக்க அதிக ஆற்றல் கேட்கும். அளவு சரியா இருந்தாலும் கரி எங்காவது கட்டிதட்டி இருந்தா அந்த இடத்தில் கருகும்.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? காரில் இருக்கும் ஒரு சென்சார் பெட்டியை எடுத்துக்கோங்க. மூடியை ஒட்டும்போது உள்ளே சர்க்யூட் போர்டு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். அதிர்வு கொடுத்து ஒட்டினால் நுண்ணிய இணைப்புகளுக்கு ஆபத்து, உரசலில் தூளும் கிளம்பும். பசை என்றால் காயக் காத்திருக்கணும். லேசரில் இந்தத் தொல்லைகள் இல்லை. ஆனா வாடிக்கையாளருக்கு மூடியும் கருப்பா வேணும்!

அதுக்குத்தான் ரிமோட் ஜன்னலின் தந்திரம். மூடியில் கரியைப் போடாமல், கரிமச் சாயங்களைக் கலக்கிறாங்க. ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சும், சேர்ந்தால் கருப்பு. அகச்சிவப்புக்கு மட்டும் வழி விடும். இப்போ இரண்டு கருப்புத் துண்டு, கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆர்டரில் வெறும் 'கருப்பு' என்று எழுதி, மூடிக்குக் கரிக் கருப்பு வந்துட்டா, லேசர் மூடியின் மேல்தோலையே எரிக்கும், வெல்டு விழாது. புரோகிராம் எழுதுறவங்களுக்குப் பழக்கமான வில்லங்கம்தான்: வெளியே ஒரே பெயர், உள்ளே வேற டைப்.

இதே வில்லங்கம் குப்பையிலும் இருக்கு. பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கும் ஆலைகள் பலவற்றில், ஓடும் பெல்ட்டின் மேல் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதை வைத்து இது பி.இ.டி., இது பாலிபுரொப்பிலீன் என்று கண்டுபிடிக்கிறாங்க. கார்பன் பிளாக் கலந்த சாப்பாட்டுத் தட்டிலிருந்து ஏறக்குறைய எதுவுமே திரும்பி வராது. இயந்திரத்துக்கு அந்தத் தட்டு இல்லவே இல்லை. மறுசுழற்சி செய்யக்கூடிய பிளாஸ்டிக்காகவே இருந்தாலும் அது மிச்சக் குப்பையோடு போய் எரியும், இல்லைன்னா புதையும். பிரிட்டனில் சில சூப்பர் மார்க்கெட்டுகள் இதனாலேயே கருப்புத் தட்டுகளைக் கைவிட்டன.

சாயக் கருப்புக்கு மாறினால் தட்டு இயந்திரத்தின் கண்ணில் படும். ஆனா கார்பன் பிளாக் மலிவு. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து பிளாஸ்டிக்கைக் காப்பதும் அதுதான். வெளியே பதிக்கும் கருப்புப் பாலிஎத்திலீன் தண்ணீர்க் குழாயில் 2 முதல் 2.5 சதவீதம் வரை சேர்க்கிறாங்க. குழாய்க்கு அது நியாயமான தேவை. கடையில் வாங்கி அரை மணி நேரத்தில் தூக்கிப் போடுற தட்டுக்கு எந்த வெயில்?